யார் வாசலுக்கு யார் போனது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பின்லேடன் என்ற விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் 2001ல் தாலிபான் ஆட்சியையே பறிகொடுத்தது என்கிறார்களே, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லையின் இரண்டு பக்கமும் வாழும் பஷ்தூன்களின் மான மரபு அவ்வளவு இறுக்கமானதா? அந்த மரபு புரிந்திருந்தால் அமெரிக்காவும் பாகிஸ்தானும் வேறு விதமாகப் பேசி, இத்தனை ரத்தம் சிந்தாமல் காரியத்தை முடித்திருக்க முடியுமா? ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது. மரபு மனிதர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறதா, இல்லை அவர்கள் போக நினைத்த இடத்துக்குப் போய்விட்டு மரபின் மேல் பழியைப் போடுகிறார்களா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன முடிவெடுப்பது என்பதை பஷ்தூன் தலைவர்களும் நம் எல்லாரையும் போல லாபநஷ்டம், பயம், பதவி ஆசை பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த முடிவை ஊர் முன்னால் எப்படி எடுப்பது, யார் வாசலுக்கு யார் போவது, விட்டுக்கொடுத்தவன் மறுநாள் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்ற இடத்தில்தான் மரபு வந்து உட்காருகிறது. கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். பல சமாதானங்கள் முறிந்தது இதில்தான்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் தெற்காசிய வரலாறு நடத்தியவன். கோடை விடுமுறை வந்தால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வடமேற்கு எல்லைப்புறக் கோப்புகளோடு உட்கார்ந்துவிடுவேன். பஷ்தோ தட்டுத்தடுமாறித்தான் வரும். பஷ்தூன்கள் வாழும் பாகிஸ்தான் எல்லைப் பகுதியான வஜீரிஸ்தான் பக்கம் போனதில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு போகவும் முடியாது. நான் படித்த கோப்புகளை எழுதியவர்கள் அந்த மக்களோடு சண்டை போட்ட, அல்லது அவர்களுக்குப் பணம் கொடுத்து அடக்கிவைத்த வெள்ளைக்கார அதிகாரிகள். ஆண்கள், ஆண்களைப் பற்றி, ஆண்களிடம் கேட்டு எழுதியவை. பெண்கள் அவற்றில் கடத்தப்படும்போதுதான் தென்படுகிறார்கள். கீழே நான் சொல்வதை இந்தக் குறையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பஷ்தூன்வலி எழுதிவைத்த சட்டம் கிடையாது. பஷ்தூனாக நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். பஷ்தோ பேசுவது வேறு, பஷ்தோ செய்வது வேறு என்று அவர்களே சொல்வார்கள். 1954ல் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த நார்வேக்காரர் ஃபிரெட்ரிக் பார்த் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். நமக்கு வேண்டிய சொற்கள் நாலைந்து. மெல்மஸ்தியா என்றால் விருந்தோம்பல், வந்தவன் யாரென்று கேட்காமல் சோறும் காவலும் கொடுப்பது. பதல் என்றால் மாற்று, ஈடு. அடிக்கு அடியும் பதல்தான், நன்றிக்கு நன்றியும் பதல்தான். நாம் அன்றாடம் சொல்கிற 'பதில்' வந்ததும் இந்த வேரிலிருந்துதான். 'பழிவாங்கல்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதி போய்விடும். நங் என்றால் மானம். நாமூஸ் என்றால் வீட்டுப் பெண்களையும் வீட்டையும் சுற்றிய மானம். பேகோர் என்றால் குத்திக்காட்டல். இந்தக் கடைசிச் சொல் பல புத்தகங்களில் அடிக்குறிப்பில் கிடக்கும், எனக்கென்னவோ மரபுக்குப் பல் முளைப்பது இதில்தான் என்று தோன்றுகிறது. ஒருவனைக் கொலைக்கு அனுப்ப எந்தச் சட்டமும் தேவையில்லை. கிணற்றடியில் நாலு பேர் பேசினால் போதும்.

இன்னொரு சொல்லுக்குத் தமிழில் கிட்டத்தட்ட அச்சாக ஒரு சொல் இருக்கிறது. தர்பூர் என்றால் அப்பாவின் சகோதரன் மகன். அதே சொல்லுக்குப் போட்டியாளன், பகையாளி என்ற நிறமும் உண்டு. நம் 'பங்காளி'யேதான். ஒரே தாத்தாவின் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் இரண்டு பேருக்குள் வரும் தர்பூர்வலிதான் பஷ்தூன் அரசியலின் தினசரிச் சமையல். வெளிநாட்டுப் படையோடு யார் சேர்ந்தார், யார் எதிர்த்தார் என்று ஒரு பள்ளத்தாக்கை எடுத்துப் பார்த்தால் கொள்கையைவிடப் பங்காளிக் கணக்குதான் பல தடவை பொருந்திவரும். அவன் காபூல் பக்கம் போனானா, சரி, நான் இந்தப் பக்கம். இந்திய வீட்டில் பாகப்பிரிவினை பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு இது பிடிபட நிறைய வருடம் ஆனது.

அப்புறம் நனவாத்தே. உள்ளே நுழைதல் என்று பொருள். டெல்லி லாஜ்பத் நகரில் ஆப்கானியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாக்தியா மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு நான் பழக்கம். ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர், டம்ளர் பாதி காலியாகும் முன் மறுபடி நிரம்பிவிடும். நனவாத்தே என்றால் என்ன என்று கேட்டபோது அவர் வாயால் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்று, தலைப்பாகையை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். 'இப்போது நீ எழுந்து வந்து என்னை உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் மானம் போனது உனக்கு, எனக்கில்லை' என்றார். கொலை செய்தவனே செத்தவன் வீட்டு வாசலுக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பதும் உண்டு. பழைய காலத்தில் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு, 'நான் உன் மாடு' என்பது போல் நின்றதாகவும் பதிவுகள் இருக்கின்றன. தோற்றவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அந்தச் செயலே ஜெயித்தவன் தலையில் ஒரு கடமையைச் சுமத்திவிடுகிறது. இனி நான் எழுதப்போகும் எல்லாவற்றையும் அந்தக் கதவை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஊர் கூடிப் பேசும் ஜிர்காவை நம் நாட்டாமை தீர்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு அங்கே இல்லை. ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள், தலைமை நாற்காலி இருக்காது, ஒத்துப்போகும் வரை பேச்சு நீளும். முதலில் தீகா வைப்பார்கள். தீகா என்றால் கல். 'இந்தக் கல் இங்கே இருக்கும் வரை யாரும் யாரையும் சுடக்கூடாது' என்பது தற்காலிகச் சமாதானம். மீறியவன் அபராதம் கட்டுவான், கட்டாவிட்டால் ஊரே திரண்டு போய் அவன் வீட்டைக் கொளுத்தும். இந்த மரபின் இருண்ட மூலையும் இதே வட்டத்தில்தான் இருக்கிறது. கொலைப் பகையைத் தீர்க்கப் பெண்ணைக் கொடுப்பதும் ஜிர்காவில் பேசி முடிவானதுதான், அந்தப் பெண்ணைக் கேட்காமல்.

வெளிநாட்டார் இந்த வாசலில் முதன்முதலாகப் பெரிதாகத் தடுக்கி விழுந்தது 1841ல். அதற்கு முந்தைய வருடம் ஆங்கிலேயர் பதவியிறக்கிய ஆப்கன் அமீர் தோஸ்த் முகமது கான், ஒரு சண்டையில் ஆங்கிலேயரின் குதிரைப்படையை விரட்டிய கையோடு, ஏறத்தாழத் தனியாகக் குதிரையில் வந்து காபூலில் பிரிட்டிஷ் தூதர் வில்லியம் மக்நாட்டனிடம் வாளை நீட்டிச் சரணடைந்தார். மக்நாட்டன் வாளைத் திருப்பிக் கொடுத்தார். அமீர் மரியாதையோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு பக்கமும் ஒழுங்காக ஆடிய ஆட்டம் அது. அடுத்த வருடம் சிக்கனம் என்ற பெயரில் கில்சாய் என்ற பஷ்தூன் குலத்தின் தலைவர்களுக்கு மலைப்பாதைகளுக்காகக் கொடுத்துவந்த தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். கல்கத்தாவுக்கு அது செலவுக் கணக்கு. வாங்கியவர்களுக்கு அது ஒப்பந்தம். பாதை அடைபட்டது, காபூல் எழுந்தது. நெருக்கடியில் மக்நாட்டன் ஒரு பக்கம் தலைவர்களோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் அவர்களைப் பிரிக்கப் பேரம் நடத்தினார். தோஸ்த் முகமதுவின் மகன் அக்பர் கான் ஒரு பொய் வலை விரித்துப் பார்த்தார், மக்நாட்டன் அதில் கையெழுத்தே போட்டார். டிசம்பர் 23 அன்று பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். பேச வந்தவனைக் கொல்வது மரபுக்கு விரோதம்தானே என்று கேட்கலாம். விரோதம்தான். ஆனால் வாக்கை முதலில் உடைத்தது யார் என்று அந்த ஊரில் கேட்டால் வேறு பதில் வரும். மரபு இரண்டு பக்கத்துக்கும் வாதம் எடுத்துக்கொடுக்கும், அதை மறக்கக்கூடாது.

ஆங்கிலேயர் பிறகு பாடம் கற்றார்கள், தங்களுக்கு வசதியான விதத்தில். 1901ல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கூட்டத்தார் அத்தனை பேரையும் பொறுப்பாக்கலாம், வீட்டை இடிக்கலாம், அடைத்து வைக்கலாம். பஷ்தூன்களின் கூட்டுப் பொறுப்பை எடுத்து அரசின் கையில் சாட்டையாகக் கொடுத்தார்கள். ஜிர்காவுக்கு ஆள் நியமிப்பது அரசியல் முகவர் என்ற அதிகாரி. மாலிக் எனப்படும் தலைவர்களுக்கு மாதப்படி. பாகிஸ்தான் பிறந்த பிறகும் பழங்குடிப் பகுதியில் இதுதான் சட்டம், 2018ல் அந்தப் பகுதி கைபர் பக்துன்க்வாவோடு இணையும் வரைக்கும். நாம் 'காலங்காலமான பஷ்தூன் மரபு' என்று படிப்பதில் ஒரு பகுதி இந்த நூறு வருட ஏற்பாட்டின் விளைவு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எவ்வளவு பகுதி என்பதில்தான் சண்டை. நானும் அந்தக் கட்சிதான், ஆனால் எல்லாமே வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்குப் போகமாட்டேன். பிரிட்டிஷ் தூதர் எல்ஃபின்ஸ்டன் 1809ல் பெஷாவருக்கு வந்தபோதே இந்த வழக்கங்கள் இருந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

கோப்புகளில் என்னை அதிகம் உட்காரவைத்தது 1923 ஏப்ரலில் கோஹாட்டில் நடந்த சம்பவம். அஜப் கான் அஃப்ரிதி என்பவரின் ஆட்கள் ராணுவக் குடியிருப்புக்குள் இரவில் புகுந்து, மேஜர் எல்லிஸின் மனைவியைக் கொன்று, 17 வயது மகள் மாலியைத் திரா மலைக்குத் தூக்கிப்போனார்கள். இது உறுதியான விஷயம். அதற்கு முன்பு திருட்டுத் துப்பாக்கி தேடி அஜப் கானின் ஊரில் சோதனை போட்டார்கள் என்பதும் உறுதி. அந்தச் சோதனையில் பெண்களைத் தொட்டார்களா என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு. தொட்டார்கள், தாயார் பேகோர் சொன்னார், மகன் கிளம்பினார் என்பது அங்கே பாட்டாகவே ஆகிவிட்டது. அரசுத் தரப்பு மறுத்தது. எப்படி இருந்தாலும், ஒரு பெண்ணைக் கொன்று இன்னொரு பெண்ணைத் தூக்கியது நாமூஸ் காப்பதில் எந்தக் கணக்கில் சேரும் என்பதற்கு மரபில் விடை கிடையாது. மீட்ட விதம்தான் பாடம். படை அனுப்பவில்லை. பெஷாவர் மிஷன் மருத்துவமனையின் லிலியன் ஸ்டார் என்ற செவிலியர், சில வருடம் முன்பு தன் கணவரை இதே எல்லைப்புறத்தில் கொலையாளியிடம் பறிகொடுத்தவர், பஷ்தூன் உடையில் உள்ளூர்க்காரர்கள் துணையோடு திராவுக்குள் போனார். பெண் போனதால் வாசல் திறந்தது. ஒரு முல்லாவின் வீட்டில் பேச்சு நடந்து, மாலி உயிரோடு திரும்பினார்.

இதெல்லாம் கொலை, கடத்தல். நாடுகளுக்கு இடையில்? 1941ஐப் பாருங்கள். ஜெர்மானியரைக் காரணம் காட்டி பிரிட்டனும் சோவியத்தும் ஆகஸ்டில் ஈரானுக்குள் நுழைந்துவிட்டன. அக்டோபரில் காபூலிடமும் கேட்டன: தூதரக ஊழியர் தவிர ஜெர்மானியர், இத்தாலியர் எல்லாரையும் வெளியேற்று. வெறும் விருந்தாளிப் பிரச்சினைதான் இதுவும். மறுத்தால் ஈரானுக்கு நேர்ந்தது நேரும். காபூல் ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: அவர்களை யாரிடமும் ஒப்படைக்கமாட்டோம், இந்தியா வழியாக நடுநிலை நாட்டுக்குப் பத்திரமாகப் போய்ச்சேர நீங்கள் உத்தரவாதம் தர வேண்டும். கிடைத்தது. உடனே லோயா ஜிர்கா என்ற நாடு தழுவிய பெரிய ஜிர்காவைக் கூட்டி, செய்தது சரி, நாடு நடுநிலை, இதற்கு மேல் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சொல்லவைத்தார்கள். விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பதற்கும் விருந்தாளியை வழியனுப்புவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்தக் கோட்டின் மேல் நடப்பதில்தான். 1915ல் அமீர் ஹபீபுல்லா ஜெர்மன் தூதுக்குழுவை மாதக்கணக்கில் சாப்பாடு போட்டு உட்காரவைத்து, பிரிட்டனிடம் பிடித்தும் கொடுக்காமல், போரில் சேர்ந்தும் விடாமல் அனுப்பிவைத்ததும் இதே வித்தைதான். (அப்போது காபூலில் அறிவித்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராகப் பெயர் போட்டது நம் செண்பகராமன் பிள்ளையை. ஆள் இருந்தது பெர்லினில்.)

இப்போது பின்லேடன். முதலில் ஒரு திருத்தம்: அவரை தாலிபான் கூப்பிடவில்லை. 1996 மே மாதம் சூடானிலிருந்து ஜலாலாபாத்தில் வந்து இறங்கியபோது அந்த ஊர் வேறு தலைவர்கள் கையில் இருந்தது. நாலு மாதம் கழித்து தாலிபான் ஊரைப் பிடித்தபோது விருந்தாளியும் சேர்ந்து வந்தார். அதிலிருந்து 2001 வரை 30 தடவைக்கு மேல் அமெரிக்கத் தரப்பு அவரைக் கேட்டிருக்கிறது. 1998 ஜூனில் சவூதி உளவுத்துறைத் தலைவர் இளவரசர் துர்கி கந்தஹாருக்கே போய், ஒப்படைக்க தாலிபான் தலைவர் முல்லா ஒமர் கொள்கையளவில் சம்மதித்தார் என்று பிறகு சொல்லியிருக்கிறார். ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் அமெரிக்கத் தூதரகங்கள் வெடித்தன. 20ம் தேதி அமெரிக்க ஏவுகணைகள் ஆப்கானிஸ்தானின் கோஸ்த் பக்கம் விழுந்தன. செப்டம்பரில் துர்கி மறுபடி போனபோது ஒமர் கோபத்தில் கத்தி, அனுப்பிவிட்டார்.

துர்கி சொன்னது அப்படியே நடந்ததா என்பது சந்தேகத்துக்குரியது. தாலிபான் தரப்பு அப்படி ஒரு சம்மதமே இல்லை என்றது. ஆனால் ஏவுகணைக்குப் பிறகு ஒப்படைப்பது கடினமாகிவிட்டது என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அதற்கு முன்னால் கொடுத்திருந்தால் சவூதி மன்னருக்குச் செய்த மரியாதை. பின்னால் கொடுத்தால் அடிக்குப் பயந்து கொடுத்தது. கொடுக்கும் பொருள் ஒன்றுதான், பேகோர் மட்டும் வேறு. ஒமர் சொன்ன காரணங்களில் மரபைவிட மதம்தான் முன்னால் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு முஸ்லிமை முஸ்லிம் அல்லாதவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அவர் திரும்பத் திரும்பப் பேசியது. இதோடு அல்கொய்தாவின் பணமும், தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணிக்கு எதிராகச் சண்டை போட்ட அரபு வீரர்களும் இருந்தார்கள். இதில் எது எத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

2001 செப்டம்பர் 20 அன்று காபூலில் உலமாக்கள் எனப்படும் மத அறிஞர்கள் ஆயிரம் பேர் வரை கூடி ஒரு முடிவு சொன்னார்கள்: விருந்தாளியைத் தானாகவே, அவர் விரும்பும் நேரத்தில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி அமீர், அதாவது ஒமர், கேட்டுக்கொள்ள வேண்டும். மேலைநாட்டுப் பத்திரிகைகள் இதை நழுவல் என்றன. நழுவலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் 1941ஐ ஞாபகம் வைத்திருப்பவருக்கு இது பழகிய நடை, கோட்டின் மேல் கால் வைக்கும் நடை. அதே நாள் வாஷிங்டனில் புஷ், இந்தக் கோரிக்கைகளில் பேச்சுக்கே இடமில்லை என்றார். மூவாயிரம் பேர் செத்த ஒன்பதாம் நாள் அது, வேறு எப்படிப் பேசுவார் என்றும் புரிகிறது. லாஜ்பத் நகர்ப் பெரியவரிடம் ஒமர் செய்தது பஷ்தூன்வலியா என்று கேட்டேன். 'என் வீட்டில் படுத்துக்கொண்டு என்னைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் தீ வைத்தவன் எப்படி விருந்தாளி?' என்று திருப்பிக் கேட்டார். விருந்தாளிக்கும் கடமை உண்டு என்ற பாதியை ஒமரும் பேசவில்லை, அவரைத் திட்டியவர்களும் பேசவில்லை.

என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு நடந்தது அதற்குப் பிறகு, டிசம்பரில். தாலிபான் தோற்றுவிட்டது. கந்தஹாருக்கு வடக்கே ஷா வலி கோட்டில் இருந்த, பிறகு ஆப்கன் அதிபரான ஹமீத் கர்சாயிடம் தாலிபான் தலைவர்கள் ஆள் அனுப்பினார்கள். நகரத்தை விட்டுவிடுகிறோம், எங்களை வீட்டுக்குப் போக விடுங்கள் என்பது சாரம். தோற்றவன் வாசலுக்கு வந்துவிட்டான். நனவாத்தே இதைவிடத் தெளிவாக எப்படி இருக்கும்? கர்சாய் போப்பல்சாய் குலத்துக்காரர், அவருக்கு மொழி புரிந்தது, மன்னிப்பு என்று வாய்விட்டார். டிசம்பர் 6 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், ஒமரை கந்தஹாரில் கௌரவத்தோடு வாழவிடும் எந்த ஏற்பாட்டையும் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார். கதவு சாத்தப்பட்டது. வீடு திரும்பிய பல தாலிபான்களை அடுத்த சில வருடங்களில் உள்ளூர்ப் போட்டியாளர்கள், பங்காளிகள் என்றே சொல்லலாம், அமெரிக்கரிடம் பேர் கொடுத்துப் பிடித்துக்கொடுத்தார்கள். பாகிஸ்தானில் தாலிபான் தூதராக இருந்த அப்துல் சலாம் ஸயீஃபை பாகிஸ்தானே பிடித்து அமெரிக்கரிடம் கொடுத்தது. தூதரை! மன்னித்திருந்தால் போர் திரும்பியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பாகிஸ்தானில் புகலிடம், காபூலில் ஊழல் என்று வேறு காரணங்களும் வரிசையில் நின்றன. ஆனால் சும்மா இருந்திருக்கக்கூடிய நிறைய ஆட்களை மறுபடி துப்பாக்கி தூக்கவைத்தது இந்தச் சாத்திய கதவு என்பதை இன்று அமெரிக்காவிலேயே பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

பாகிஸ்தான் ராணுவத்துக்கு, அதில் ஏராளமான பஷ்தூன்கள் இருந்தும், தப்புக் கணக்கு வந்தது 2004ல். தெற்கு வஜீரிஸ்தானில் நெக் முகமது வஜீர் என்ற இளம் தளபதியோடு சண்டையில் அடிவாங்கிய பிறகு, ஏப்ரலில் ஷகாய் என்ற இடத்தில் ஒப்பந்தம். பெஷாவர் படைத்தளபதியே ஹெலிகாப்டரில் வந்தார். மாலை போட்டுக்கொண்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அரசு இதை, வழிதவறிய பையன் சரணடைந்தான் என்று காட்ட நினைத்தது. ஆனால் கூட்டம் நடந்தது பொது இடத்தில் இல்லை, நெக் முகமது தரப்பின் மதரஸாவில். நான் அவர்களிடம் போகவில்லை, அவர்கள்தான் என் இடத்துக்கு வந்தார்கள், யார் யாரிடம் சரணடைந்தது என்று இதிலேயே தெரியவில்லையா என்று அவர் நிருபர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. ஒப்பந்தத்தின் ஷரத்துகளை வஜீரிஸ்தானில் எத்தனை பேர் படித்தார்களோ, வாசலை எல்லாரும் படித்துவிட்டார்கள். ஒப்பந்தம் சில வாரம்கூட நிற்கவில்லை. ஜூனில் நெக் முகமது ட்ரோன் தாக்குதலில் இறந்தார்.

மரபைப் புத்தகம் போலப் படித்துவிட்டுப் போவதிலும் ஆபத்து உண்டு. ஈராக்கில் குலத்தலைவர்களைப் பிடித்து வெற்றி கண்ட அமெரிக்கர் 2010ல் நங்கர்ஹாரில் ஷின்வாரி குலத்தோடு ஒப்பந்தம் போட்டு, தாலிபானை எதிர்த்தால் பத்து லட்சம் டாலர் வளர்ச்சிப் பணம் என்றார்கள். கொஞ்ச நாளில் ஷின்வாரிக்குள்ளேயே இரண்டு கிளைகள் நிலத் தகராறில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டன. குலம் என்று நினைத்து எதைப் பிடித்தார்களோ அது பங்காளிகளின் கூட்டம். 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தான் தத்தா கேலில் குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்க உட்கார்ந்திருந்த ஜிர்காவின் மேலேயே அமெரிக்க ஏவுகணை விழுந்து 40 பேர் அளவுக்கு இறந்தார்கள். இன்னொரு பக்கம் போராளிகள் நூற்றுக்கணக்கான மாலிக்குகளைக் குறிவைத்துக் கொன்றார்கள். பேச வேண்டிய வட்டத்தில் பேசத் தெரிந்தவர்கள் மிச்சமில்லாத இடத்தில் மரபைப் பற்றி ஆய்வரங்கம் நடத்தி என்ன பயன்?

2005ல் குனார் மலையில் அடிபட்டுக் கிடந்த அமெரிக்க வீரர் மார்கஸ் லட்ரெலை குலாப் என்ற கிராமத்தவர் தாலிபானிடம் கொடுக்காமல் காத்தது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். உண்மைதான், ஊரே கூட நின்றது. சம்பவ விவரங்களில் இருவரும் பிறகு வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள், அது தனிக் கதை. எனக்கு அதில் படுவது, காத்தவர்களும் துரத்தியவர்களும் ஒரே மரபில் வளர்ந்தவர்கள் என்பது. அதேபோல அந்த மரபிலிருந்தே கான் அப்துல் கபார் கான் ஒரு அகிம்சைப் படையைக் கட்டினார். பழி வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்த குதாயி கித்மத்கார்கள் 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா க்வானி பஜாரில் குண்டுகளுக்கு முன் நின்றார்கள். நிற்பதும் நங்தான் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். தாலிபானையும் மரபின் வாரிசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது. அது முல்லாக்களின் இயக்கம், பழங்குடி ஊரில் முல்லா என்றுமே மாலிக்குக்குக் கீழ்ப்படிதான். 2021 டிசம்பரில் அவர்கள் தலைமை போட்ட ஆணை, பகை தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்கிறது. மரபை ஷரியத்தால் வெட்டும் ஆணை. அதே கை பெண்களின் பள்ளிக்கூடத்தையும் பூட்டியது.

மரபு மாறிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். 2021 கோடையில் ஆப்கன் ராணுவத்தின் மாவட்ட மையங்கள் வரிசையாக விழுந்தபோது பல இடங்களில் குண்டுச் சத்தமே கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் போய், ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று பேசி முடித்தார்கள். 2001 டிசம்பரில் மறுக்கப்பட்டதை தாலிபான் எதிரிக்குக் கொடுத்து ஜெயித்தது என்று சொல்லத் தோன்றும். கொடுத்த மன்னிப்பு பல இடங்களில் மீறப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். 2022 ஜூலை 31 அன்று பின்லேடனுக்குப் பின் அல்கொய்தாவின் தலைவரான அய்மன் அல் ஜவாஹிரி காபூலின் நடுவிலேயே ஒரு வீட்டு பால்கனியில் கொல்லப்பட்டபோது, விருந்தாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று.

இப்போது அதே வழக்கு பாகிஸ்தானுக்கும் காபூலுக்கும். உன் மண்ணில் தங்கியிருக்கும் பாகிஸ்தானித் தாலிபான்களை ஒப்படை, அல்லது அடக்கு என்கிறது இஸ்லாமாபாத். 2022ல் பழங்குடிப் பெரியவர்களின் ஜிர்காவையே காபூலுக்கு அனுப்பிப் பேசவைத்தார்கள், அந்த வருடக் கடைசிக்குள் சண்டை நிறுத்தம் முறிந்தது. எல்லையிலிருந்து தள்ளி உள்மாகாணங்களுக்கு அவர்களைக் குடியேற்றலாம் என்ற யோசனையும் வந்தது. விருந்தாளியை வெளியே அனுப்பமுடியாது, வேண்டுமானால் உள் அறைக்கு மாற்றுகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். சுவரேறிக் குதிக்கிறவன் எந்த அறையில் படுத்தால் எனக்கென்ன என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 2025 அக்டோபரில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டு, பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போட்ட பிறகு, சண்டை நிறுத்தம் பேச உட்கார்ந்தார்கள். காபூலிலும் இல்லை, இஸ்லாமாபாத்திலும் இல்லை. முதலில் தோஹா, அப்புறம் இஸ்தான்புல்.